ஊழியப் பயிற்சிக்கு அமெரிக்கா போறீங்களா? எந்த விசான்னு முதல்ல கேளுங்க

வேதாகமப் பாடம், ஆராதனை இசை, மிஷனரிப் பயிற்சி என்று சில மாதங்களிலிருந்து ஒரு வருடம் வரை நடக்கும் படிப்புகள் அமெரிக்காவில் நிறைய உண்டு. இங்கிருந்தும் இளைஞர்கள் விண்ணப்பிக்கிறார்கள். வேலையை விட்டுட்டு, சேமிப்பை எடுத்து, சபையில் காணிக்கை திரட்டிப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அழைப்பு உண்மையா என்பது அவரவருக்கும் கடவுளுக்கும் உள்ள விஷயம். ஆனால் 'ஸ்டூடன்ட் விசாவுக்கு நாங்க பேப்பர் தர்றோம்' என்று பள்ளி சொன்னால், பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும்: எந்த ஸ்டூடன்ட் விசா?

ரெண்டும் படிக்கிற விசாதானே என்று நினைக்கலாம். இல்லை. கல்லூரி, பல்கலைக்கழகம், பட்டம் தரும் இறையியல் கல்லூரி என்றால் பொதுவாக எஃப்-1. தொழிற்பயிற்சிக்கு எம்-1. விமானம் ஓட்டப் பழகுபவரும் சமையல் கலை கற்பவரும் வாங்குவது இதைத்தான். பட்டம் தராத ஊழியப் பயிற்சிகளும் பெரும்பாலும் இதில்தான் சேரும். ஊழியம் ஒரு கைத்தொழிலா என்று சிலருக்கு மனசு வருத்தப்படலாம். கூடாரம் செய்து பிழைத்த பவுல் வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

வருத்தப்பட வேண்டியது வேறு விஷயத்துக்கு. எஃப்-1 மாணவர் படிக்கும்போதே வளாகத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வேலை செய்யலாம், முடித்த பின் 12 மாதம் பயிற்சி வேலைக்கும் விண்ணப்பிக்கலாம். எம்-1 மாணவர் படிக்கும் காலத்தில் எந்த வேலையும் செய்ய முடியாது, பள்ளி கேன்டீனில்கூட. படிப்பு முடிந்த பிறகு அனுமதி வாங்கி, 4 மாதப் படிப்புக்கு 1 மாதம் என்ற கணக்கில் பயிற்சி வேலை பார்க்கலாம். 9 மாதம் படித்தவருக்கு இரண்டு மாதம் தேறும். எவ்வளவு படித்தாலும் உச்சவரம்பு 6 மாதம்தான். 'செலவுக்கு அங்கே போய்ப் பார்த்துக்கலாம்' என்பது இந்த விசாவில் நடக்காது.

வழி மாற்றுவதும் கஷ்டம். அமெரிக்காவில் இருந்துகொண்டே எம்-1-ஐ எஃப்-1 ஆக மாற்ற சட்டம் விடாது. படிப்பின் நோக்கத்தையும் மாற்ற முடியாது. வேறு பள்ளிக்குப் போவதென்றால் முதல் 6 மாதத்துக்குள். அதற்குப் பிறகு, நம் கையை மீறிய காரணம் இருந்தால் மட்டும். தங்க அனுமதி ஒரு தடவைக்கு அதிகபட்சம் ஒரு வருடம். நீட்டிக்கக் காரணம் காட்டி விண்ணப்பிக்கணும், எப்படிப் போனாலும் மொத்தம் 3 ஆண்டு. 'முதல் வருஷம் வாங்க, ரெண்டாவது மூணாவது வருஷத்தை அப்புறம் பார்க்கலாம்' என்று பள்ளி பேசினால், அந்த 'அப்புறம்' யார் கையில் என்று கேளுங்கள்.

இதை எப்படித் தெரிந்துகொள்வது? பள்ளி அனுப்பும் ஐ-20 படிவத்திலேயே எஃப்-1-ஆ எம்-1-ஆ என்று அச்சாகியிருக்கும். ஆனால் அது வருவதற்குள் பாதிப் பேர் முன்பணம் கட்டியிருப்பார்கள். அமெரிக்க அரசின் 'ஸ்டடி இன் தி ஸ்டேட்ஸ்' தளத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளைத் தேடலாம். அதில் பெயரே இல்லாத பள்ளியால் ஐ-20 தர முடியாது. 'டூரிஸ்ட் விசாவில் வந்து சேர்ந்துக்குங்க' என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

செவிஸ் கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர். விசா மறுக்கப்பட்டாலும் இரண்டும் திரும்பி வராது. எம்-1-க்கு, தங்கும் காலம் முழுவதற்குமான பணம் இருப்பதைக் காட்ட வேண்டும். 2025 ஜூன் முதல் மாணவர் விசா கேட்பவர்கள் தங்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுப் பார்வைக்குத் திறந்து வைக்கவும் சொல்லப்படுகிறது.

அடுத்து நேர்காணல். விண்ணப்பிப்பவர் அங்கேயே தங்கிவிட வருபவர் என்று எடுத்துக்கொண்டுதான் அமெரிக்கச் சட்டம் தொடங்குகிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு நம்முடையது. 'படிச்சு முடிச்சு என்ன செய்வீங்க?' என்று அதிகாரி கேட்கும்போது, 'கர்த்தர் நடத்துற இடத்துக்குப் போவேன்' என்பது நம்ம சபையில் ஆமென் வாங்கும் பதில். சென்னைத் தூதரகக் கண்ணாடிக்கு முன்னால் அதே பதில் மறுப்பு வாங்கலாம். பொய் சொல்லச் சொல்லவில்லை. திரும்பி வந்து எந்தச் சபையில், என்ன பணியில் சேரப் போகிறோம் என்று முன்பே பேசி முடிவு செய்துகொண்டு போவதில் விசுவாசக் குறைவு ஒன்றும் இல்லை.

பள்ளிகள் மேல் நமக்கு ஒரு வருத்தம் உண்டு. சாட்சிகளும் வீடியோக்களும் நிறைந்த விளம்பரத்தில் 'எம்-1, வேலைக்கு அனுமதி இல்லை' என்று ஒரு வரி போடுவதில் என்ன நஷ்டம்? மேடையில் நின்று அறிமுகம் செய்து காணிக்கை எடுக்கும் போதகர்களும் அந்த வரியைச் சேர்த்துச் சொல்லலாம். கொடுப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

முடித்தபின் அங்கேயே ஒரு சபையில் பணி செய்யும் ஆசை இருந்தால், அதற்கான விசா ஆர்-1. அதே மதப்பிரிவில் குறைந்தது 2 ஆண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். சி.எஸ்.ஐ.யில் வளர்ந்தவர் ஒரு தனிச் சபைக்குப் போனால் அங்கேயே கேள்வி வரும். மனு போட வேண்டியதும் மாணவர் அல்ல, அமெரிக்கச் சபை. அப்படிப் போட ஒரு சபை தயாரா என்று சேருவதற்கு முன்பே மெயிலில் கேட்டு, பதிலைப் பத்திரமா வச்சுக்குங்க.