இந்த மாதம் இல்லை என்று சொல்லுங்கள்

பௌர்ணமிதோறும் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். பலர் மாதம் தவறாமல் வருபவர்கள். மணிலா எண்ணெயும் ஜவ்வாது மலைச் சாமையும் விற்கும் விவசாயிகளே, அடுத்த பௌர்ணமிக்கும் அவர் உங்களைத் தேடி வந்தால்தான் அது வியாபாரம்.

சரக்கு தீர்ந்த மாதத்தில்தான் சோதனை. வெளியில் வாங்கிய எண்ணெயை 'எங்கள் செக்கில் ஆட்டியது' என்று கொடுத்தால் அன்றைய கல்லா நிறையும். தாளிக்கும்போது குட்டு வெளிப்பட்டுவிடும். "இந்த மாதம் இல்லை, ஆட்டியதும் சொல்கிறேன்" என்று செல்போன் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சரக்கு வந்ததும் ஒரு தகவல் போதும். தினமும் காலை வணக்கப் படம் வேண்டாம்!

1999 நவம்பர் 14-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டத்தில் விவசாயிக்கு அடையாள அட்டை வைத்ததே, வியாபாரி அந்த இடத்தில் உட்காரக் கூடாது என்பதற்குத்தான். பாதையோரத்தில் அந்த அட்டை இல்லை. ஊர்ப் பெயர், ஆட்டிய தேதி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் உள்ள லேபிள்தான் உங்கள் அடையாளம். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் தொடாதவர் மட்டும் 'இயற்கை' என்று எழுதட்டும். பதிவு எண் வாங்கத் தடுமாறுபவர்களுக்கு, வேளாண் அலுவலர்கள் கிராமக் கூட்டத்திலேயே விண்ணப்பம் நிரப்பித் தரலாம்.