குமட்டல் கோழைத்தனமன்று

கொல்லிமலைப் பேருந்தில் சென்றவர்களுக்கு அதன் 70 கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாதி வழியிலேயே எலுமிச்சம்பழத்தை முகர்வோர் எத்தனை பேர்! ஆனால் ஓட்டுநருக்கு அந்தத் தொல்லை வருவது அரிது. ஏன்? அடுத்த திருப்பத்தை அவர் உடல் முன்கூட்டியே அறிந்திருக்கிறது.

இன்றோ மலையேறாமலே அந்தத் தலைசுற்றல் வந்துவிடுகிறது. மெய்நிகர் உலகைக் காட்டும் வி.ஆர். கண்ணாடியை அணிந்தவர் நாற்காலியில் அமர்ந்தபடியே வானில் பறக்கிறார். "பறக்கிறோம்" என்கிறது கண். "அசையவேயில்லை" என்கிறது உட்செவி. இந்த முரண்பாடே குமட்டலுக்குக் காரணம் என்பது அறிஞர் பலர் ஏற்கும் விளக்கம்.

வேதனை என்னவெனில், கண்ணாடியைக் கழற்றியவரைப் பார்த்து நாம் நகைக்கிறோம். "பயந்தாங்கொள்ளி" என்று பட்டம் சூட்டுகிறோம். நகைப்புக்கு அஞ்சி அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் அணிகிறார்.

1950-களின் பிற்பகுதியில் தொடங்கி, அமெரிக்கக் கடற்படையும் நாசாவும் கல்லோடெட் கல்லூரியைச் சேர்ந்த, காது கேளாத 11 பேரைக் கொண்டு ஆய்வு நடத்தின. கொந்தளிக்கும் கடலில் அவர்கள் கவலையின்றிச் சீட்டாட, உடன் சென்ற ஆய்வாளர்களோ குமட்டலால் துவண்டனர்! அந்த 11 பேருக்கும் உட்செவியின் சமநிலை உறுப்பு செயலிழந்திருந்ததே காரணம். அப்படியானால் குமட்டல் கோழைத்தனமாகுமா? உட்செவி தன் கடமையைச் செய்கிறது என்பதன்றோ பொருள்!

எனவே வருமுன் காப்போம். உட்கார்ந்தே அணிவோம். லென்சுகளின் இடைவெளியை நம் கண்களுக்கு ஏற்பச் சரிசெய்வோம். முதல்நாள் ஐந்து நிமிடம் போதும். பறக்கும், பாயும் காட்சிகளை விடுத்து, நின்ற இடத்திலிருந்தே சுற்றிப் பார்க்கும் காட்சிகளில் தொடங்குவோம். வியர்வை அரும்பினாலோ வாயில் நீர் ஊறினாலோ உடனே கழற்றிவிடுவோம். சிறிது சிறிதாகப் பார்த்தால் உடல் பழகும். வம்புக்குத் தாங்கினால் வெறுப்பே மிஞ்சும். தலை தெளியும்வரை இருசக்கர வண்டியைத் தொடவேண்டாம்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். இக்கருவி பாடத்தில் இடம்பெறும்போது, இயலாதவருக்கு அதே காட்சியைச் சாதாரணத் திரையில் காட்டுங்கள்; அதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். கண்ணாடியைக் கையில் கொடுக்கும்போது, கழற்றும் உரிமையையும் சேர்த்தே கொடுங்கள்.