முதலாளி தயவுல ஓர் உரிமை

1973-ல இருந்து அமெரிக்கப் பெண்களுக்கு இருந்த கருக்கலைப்பு உரிமையை 2022 ஜூன் 24-ல் அந்த ஊர் உச்சநீதிமன்றம் மாநிலங்கள் கையில தூக்கிக் குடுத்துடுச்சு. ஆகஸ்ட்லயே டெக்சாஸ்ல கிட்டத்தட்ட முழுத் தடை. பெரிய கம்பெனிகள் பல, "வெளிமாநிலம் போற செலவை நாங்க பாத்துக்கறோம்"னு அறிக்கை விட்டாங்க. அமேசான் அந்த மே மாசமே வருஷத்துக்கு 4,000 டாலர் வரைன்னு சொல்லிடுச்சு. நம்மாளுங்க சிலர் கைதட்டுனாங்க. எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு மக்களே!

அந்தக் காசு யாருக்கு? கம்பெனியோட மருத்துவக் காப்பீட்டுல இருக்கறவங்களுக்கு. அதே அமேசான் வேனை ஓட்டற கான்ட்ராக்ட் டிரைவருக்கு? கிடையாது. டல்லாஸ்ல இருந்து நியூ மெக்சிகோவோட ஆல்புகர்க்கி சுமார் 1,000 கி.மீ. பெட்ரோல், ரூம், சம்பளமில்லாத லீவு, எல்லாம் அவங்க கைக்காசு.

சரி, கிடைக்கறவங்களுக்காவது நிம்மதியா? வேலை போனா சலுகையும் போச்சு. டாக்டர்கிட்ட மட்டும் பேச வேண்டிய விஷயத்துக்கு முதலாளி தயவு எதுக்குங்க?

அரசாங்கம் புடுங்கினதை கம்பெனி திருப்பிப் போட்டா அதுக்குப் பேரு சலுகை. உரிமை இல்லை.

டிஸ்கி: குடுக்கறதை வேண்டாங்கலை. அதுவே போதும்ங்கறதைத்தான் வேண்டாங்கறேன்.