பக்கமும் கட்டளையும் சேர்ந்தே வரட்டும்

நியூ ஜெர்சியின் மர்ரே ஹில்லில் இருந்த பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து, 1971 நவம்பர் 3 என்று தேதியிட்டு, கென் தாம்ஸனும் டெனிஸ் ரிச்சியும் வெளிக்கொணர்ந்த யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு, ஒவ்வொரு கட்டளைக்கும் பெயர், பிரயோகச் சுருக்கம், விவரணம், தொடர்புடைய கோப்புகள் என்று வகுத்துக்கொண்டதோடு அமையாமல், அக்கட்டளையில் எஞ்சிநிற்கும் குறைகளுக்கென ஒரு தலைப்பும், அதற்குப் பொறுப்பாளர் இன்னார் என்பதற்கு வேறொரு தலைப்பும் ஒதுக்கியது. தாம் ஆக்கிய கருவியின் குறையைத் தாமே எழுதி, கருவியின் பக்கத்திலேயே வைத்த அந்தச் சத்தியநிஷ்டை நம் துறையின் உன்னதமான சம்பிரதாயம் என்றே நாம் கருதுகிறோம்.

அந்தச் சம்பிரதாயத்துக்கு இன்று நேர்ந்துள்ள ஹானி, எழுதுவோர் இல்லாமையால் மட்டும் விளைந்ததன்று. சிரத்தையோடு எழுதப்பட்ட கையேட்டுப் பக்கங்கள்கூட மூலநிரல் அடைவிலேயே தங்கிவிடுகின்றன; ‘கார்கோ இன்ஸ்டால்’, ‘கோ இன்ஸ்டால்’ போன்ற கட்டளைகள் இயங்கு கோப்பை மாத்திரம் நிறுவிவிட்டு ஓய்ந்துவிடுவதால், ‘மேன்’ என்று தட்டுகிறவருக்கு அப்படியொரு பக்கமே இல்லை என்ற பதில்தான் கிடைக்கிறது. பக்கமில்லாத நிரலைக் குறையுடையதாகவே எண்ணும் டெபியன் திட்டத்தார், பிறர் எழுதாது விட்ட பக்கங்களைத் தாமே எழுதிச் சேர்த்துவருவது நம் நன்றிக்குரியது. ஆயினும் அது நிரலாசிரியனின் கடமையைப் பிறர் சுமப்பதேயாகும்.

நிறுவுவதில் பெரிய சிரமம் ஏதுமில்லை. இயங்கு கோப்பு இருக்கும் ‘பின்’ அடைவுக்குப் பக்கத்திலேயே ‘ஷேர்’, அதனுள் ‘மேன்’, அதனுள் ‘மேன்1’ என்று அடைவுகள் அமைத்து, பிரிவு எண்ணாகிய 1-ஐ ஈற்றில் கொண்ட கோப்பை அங்கே வைத்துவிட்டால், லினக்ஸில் பரவலாக வழங்கும் ‘மேன்-டிபி’, கட்டளைகளைத் தேடும் பாதையைக் கொண்டே பக்கங்களின் இருப்பிடத்தையும் ஊகித்துக்கொள்ளும். பயனர் தம் சொந்த அடைவில் நிறுவினாலும் இதுவே விதி. இதைக் காட்டிலும் அதிக ஜாக்கிரதை வேண்டியது, பெயர்ப் பகுதியின் அந்த ஒற்றை வரியிலேதான். கட்டளையின் பெயர், ஒரு சிறுகோடு, பின்னர் ஒரு சிறு விளக்கம் என்ற அமைப்பு பிறழுமானால், பக்கம் திறக்குமே தவிர, ‘அப்ரோப்போஸ்’ என்னும் தேடற்கட்டளை அதைக் கண்டெடுக்காது. கட்டளையின் பெயரையே அறியாமல், செய்யவேண்டிய காரியத்தை மட்டும் அறிந்து தேடுகிற புதியவருக்கோ அந்த ஒரு வரியே வாயில். மார்க்டவுனில் எழுதி மாற்றியெடுக்கும் அன்பர்கள் இதை விசேஷமாகக் கவனிக்க வேண்டும். ‘மேன்டாக்’ கருவியின் பிழைநோக்கும் வசதி இத்தகைய பிசகுகள் பலவற்றை வெளியிடுவதற்கு முன்பே சுட்டிவிடும்.

ஆகவே, மேக்ஃபைலின் ‘இன்ஸ்டால்’ இலக்கில் இயங்கு கோப்புக்கு அடுத்த வரியிலேயே பக்கத்தையும் நிறுவுங்கள். வெளியீட்டுப் பொதியில் அதை விடாமல் சேருங்கள். பின்னர், உங்கள் நிரல் அதுவரை ஏறியிராத ஒரு கணினியில் நிறுவி, கட்டளையின் பெயரை மறந்து, அது செய்யும் காரியத்தை ‘அப்ரோப்போஸி’டம் கேட்டுப்பாருங்கள்.