வாரண்டிச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்!

சகோதரி, கெடாரிலிருந்து தினமும் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போக, சீட்டுப் பணத்தில் ஸ்கூட்டர் வாங்குகிறீர்கள். நாலாம் மாதமே வண்டி நடு ரோட்டில் நின்றுவிடுகிறது. கடைக்காரரோ, "வாரண்டியில் வராதம்மா; நீங்கள் ஓட்டிய விதம் சரியில்லை" என்று கையை விரிக்கிறார். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பாதீர்கள்! கடை சென்னையில் இருந்தாலும், 2019-ஆம் வருஷத்துச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். வண்டி விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீலும் கட்டாயமில்லை. தகராறு எழுந்த நாளிலிருந்து 2 வருஷத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பில், வாரண்டிச் சீட்டு, ஒவ்வொரு முறை ரிப்பேருக்கு விட்டபோதும் வாங்கிய ஜாப் கார்டு, இவைதான் உங்கள் சாட்சிகள். வாயால் சொன்ன புகாருக்குச் சாட்சி ஏது? அரிசி டப்பாவில் பணத்தை ஒளித்துக் காப்பாற்றும் நமக்கு, இந்தக் காகிதங்களைக் காப்பாற்றவா தெரியாது?