வக்கீல் அறைக்கு ஒரு நியாயம், வாசல் அடுப்புக்கு ஒரு நியாயமா?

மந்தைவெளியில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னறை பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதன் வாசலில் அடுப்பு வைத்து அம்மா பதினான்கு வருடம் காலையில் இட்லி விற்றார், சாயங்காலம் மீன் வறுவல் விற்றார், ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி வறுவல் விற்றார். அந்தக் காசில்தான் நான் சட்டம் படித்தேன்.

இட்லிக்குப் புகார் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டிக்குத்தான் வந்தது. "யம்மா, இது ரெசிடென்ஷியல் ஏரியா. வீட்ல வியாபாரம் பண்ணக்கூடாது" என்றார் வந்தவர். தொழில் உரிமம் எங்கே என்றார். அடுத்த சில வாரங்களில் மின் இணைப்பும் வணிகக் கட்டணத்துக்கு மாறியது. அம்மா அடுப்பை அணைத்தார்.

இன்று அதே முன்னறையில் என் மேசை இருக்கிறது, வாசலில் 'வழக்கறிஞர்' பலகை இருக்கிறது. இரவு ஒன்பது மணி வரை கட்சிக்காரர்கள் வருகிறார்கள், தெருவை அடைத்து வண்டி நிறுத்துகிறார்கள். எவரும் புகார் செய்யவில்லை, எவரும் உரிமம் கேட்கவில்லை. மின் இணைப்பு வீட்டுக் கட்டணத்துக்கே திரும்பிவிட்டது. எல்லாம் சட்டப்படிதான்!

அந்தச் சட்டத்தைத்தான் கொஞ்சம் பார்க்கச் சொல்கிறேன். சென்னையின் இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் வளர்ச்சி விதிகள் முதன்மைக் குடியிருப்புப் பகுதியில் அங்கு வசிக்கும் தொழில்முறையாளரின் ஆலோசனை அறையை அனுமதிக்கின்றன. டாக்டர், வக்கீல், ஆடிட்டர் எல்லாரும் இதில் அடக்கம். மின் கட்டண விதியிலும் இதே சலுகை உண்டு. வீட்டோடு சேர்ந்த ஆலோசனை அறை 200 சதுர அடிக்குள் இருந்தால் வீட்டுக் கட்டணம்தான். அம்மாவின் அறை 120 சதுர அடி. பரப்பளவு தடையில்லை, தொழில்தான் தடை.

பெட்டிக்கடைக்கும் தையற்கடைக்கும் அந்த விதிகளில் இடம் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு, மறைக்கவில்லை. ஆனால் அவர்கள் உரிமம், வீட்டுக்காரர் சம்மதம், வணிகக் கட்டணம் என்று ஒவ்வொரு படியாக ஏற வேண்டும். வக்கீலுக்கு அந்தப் படிக்கட்டே கிடையாது.

விதியை எழுதியவர் மனதில் சாதி இருந்ததா என்பது என் கேள்வி அல்ல. வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யும் 'கௌரவமான' தொழில்கள் இந்த ஊரில் யார் கையில் சேர்ந்திருந்தன என்பதுதான் கேள்வி. நூறாண்டுக்கு முன் 'மயிலாப்பூர் கோஷ்டி' என்று அரசியலில் பெயர் வாங்கியவர்கள் பெரும்பாலும் பார்ப்பன வழக்கறிஞர்கள். பொதுத்தெருவில் நடக்கவும் பொதுக்கிணற்றில் நீர் எடுக்கவும் எவரையும் தடுக்கக் கூடாது என்று 1924-இல் இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரு கூட்டம் வீட்டு முன்னறையில் கட்சிக்காரரைச் சந்தித்துக்கொண்டிருந்த காலத்தில், இன்னொரு கூட்டம் தெருவில் நடக்கும் உரிமைக்கே மன்றாடிக்கொண்டிருந்தது. அந்த முன்னறை இன்று விதிக்குள் சலுகையாக உட்கார்ந்திருக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்ததும் ஒரு மண்டல விதிதானே, தோழர்களே?

புகாரிலும் சாதி நாறுகிறது. மயிலாப்பூரில் வீட்டிலேயே சமைத்துப் போடும் சைவ மெஸ் என்றால் அது 'பாரம்பரியம்'. ஊறுகாயும் அப்பளமும் 'மாமி கைமணம்'. மாட்டுக்கறி வெந்தால் மட்டும் அது 'சுகாதாரக் கேடு'. எண்ணெய்ப் புகை இரண்டிலும் ஒன்றுதான்.

சரி, விதி என்றால் எல்லாருக்கும் விதியா? பாண்டி பஜாரைத் தாண்டி ரங்கநாதன் தெருவுக்குப் போங்கள். விதி மீறிக் கட்டிய பெரிய கடைகளுக்கு 2011 அக்டோபரில் சீல் வைத்தார்கள். 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவில் அவை தற்காலிகமாகத் திறந்தன. மீறிய கட்டடங்களை வரன்முறைப்படுத்தவென்றே நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ, 113-சி என்று பிரிவுகளைச் சேர்த்தார்கள். மாடி மாடியாக மீறினால் சட்டம் திருத்தப்படும். ஒரு அடுப்பு மீறினால் அடுப்பு அணைக்கப்படும்.

இருக்கும் வீட்டையே பறித்தால் என்ன ஆகும்? 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில், பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். இப்படி அப்புறப்படுத்தப்பட்டவர்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்புவதுதான் பல ஆண்டுப் பழக்கம். மாற்று வீடு தந்தோம் என்கிறது அரசு. வாசலையும் வாடிக்கையாளரையும் தந்ததா? அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் இட்லிச் சட்டி வைத்தால் யார் ஏறி வந்து வாங்குவார்? ஏழைக்கு வீடு என்பது படுக்கும் இடம் மட்டுமல்ல, அதுவே பட்டறை, அதுவே கடை.

புகை, தீ, கழிவு, சத்தம் எல்லாம் உண்மையான பிரச்சினைகள்தான். அவற்றை அளந்து விதி போடுங்கள். தொழிலின் பெயரையும் கறியின் பெயரையும் பார்த்துப் போடாதீர்கள். கைத்தறி நெசவாளர் வீட்டுத் தறிக்கு மின் கட்டண விதியில் ஏற்கெனவே தனி இடம் உண்டு. அரசு நினைத்தால் உழைப்பவரின் பெயரை விதியில் எழுத முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

எனவே கேட்கிறோம். வக்கீலுக்கு உள்ள 200 சதுர அடி, வீட்டில் சமைத்து விற்பவருக்கும் இஸ்திரி போடுபவருக்கும் செருப்புத் தைப்பவருக்கும் வேண்டும். அதே வீட்டுக் கட்டணம் வேண்டும். மறுகுடியமர்வுக் குடியிருப்புகளில் தரைத்தளத்தில் தொழில் இடம் வேண்டும்.

சட்டம் படித்த பிள்ளைக்கு அந்த அறையில் உரிமை இருக்கிறது. படிக்க வைத்தவருக்கு இல்லை. அம்மா இப்போது அந்த அறைக்கு வருவது, என் கட்சிக்காரர்களுக்கு டீ கொடுக்க மட்டும்தான்.