காணும் பொங்கலும் கூட்டமும்

"தை மூன்றாம் நாள் மெரினாப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது, ஒரே கூட்டம்!" என்று முகம் சுளிப்போர் நம் வகுப்பறையிலும் உண்டு. அந்தக் கூட்டம் யார்? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். ஆவடியில் சித்தாள் வேலைக்குப் போகும் அக்காள். பூவிருந்தவல்லியில் பூக்கட்டும் அம்மாள். ஞாயிறன்றும் ஓவர்டைம் பார்க்கும் எங்கள் வீட்டைப் போன்ற குடும்பங்கள் ஒன்றாய் வெளியே கிளம்புவது அன்றுதான். வேறு நாளில் வாருங்கள் என்பது எளிது. அந்த வேறு நாள் எங்கே?

ஜப்பானில் ஏப்ரல் 29-இல் தொடங்கி மே 5 வரை அடுத்தடுத்து விடுமுறைகள். 'பொன் வாரம்' என்பர். செல்வம் கொழிக்கும் அந்நாட்டிலும் அப்போது ரயிலும் சாலையும் திணறத்தான் செய்கின்றன!

மெரினாவில் அன்று கடலில் இறங்கத் தடை உண்டு. குழந்தைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் காவலர்கள் கட்டிவிடுகின்றனர். கூட்டத்தைத் திட்டாமல், அது வரும் என்றறிந்து செய்யும் ஏற்பாடு அன்றோ இது?

நம் மேற்குப் பகுதிக்கும் அத்தகைய கவனம் வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரியும், 1944-இல் கட்டிமுடித்த பூண்டி நீர்த்தேக்கமும் அருகிலேயே உள்ளன. இரண்டும் சென்னைக்குக் குடிநீர் தருபவை; கரை அசுத்தமானால் கேடு நமக்கே. எனவே அந்த ஒரு நாளுக்கேனும் கூடுதல் பேருந்து, குப்பைத்தொட்டி, குடிநீர், தற்காலிகக் கழிப்பிடம் ஆகியவை தேவை. கடைசியாகச் சொன்னதே முதலில் வேண்டும். புளிசோற்றுத் தூக்கோடு காலையில் புறப்படும் என் தாயார், வீடு திரும்பும்வரை தண்ணீர் குடிப்பதில்லை.